பொங்கல் லீவுக்குக் கொச்சி: எந்தக் கிழமை எந்தப் பக்கம் போறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரன்

வணக்கங்க. பொங்கல் லீவோட சேர்த்து வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் கொச்சி போலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரி, பத்து வயசுப் பையன், அம்மா. அம்மாவுக்கு அறுபத்தெட்டு. முட்டி வலி இருக்கு. சமதரையில மெதுவா ஒரு கிலோமீட்டர் நடப்பாங்க, படி இறங்குறதுதான் ஆகாது. அவங்க சுத்த சைவம். பையனுக்குப் படகுல போகணும், சீன வலை பாக்கணும். எனக்குப் பழைய தெருவெல்லாம் நடந்து சுத்தணும்.

நான் போட்டு வெச்சிருக்கிற கணக்கு இது. வெள்ளி காலையில பாலக்காட்டுல ரயில் ஏறி மத்தியானம் எறணாகுளம். அன்னைக்கே மட்டாஞ்சேரி அரண்மனையும் யூதர் பள்ளியும் (யூதங்க கும்பிடுற கோயில்). சனி ஃபோர்ட் கொச்சி. ஞாயிறு செராய் பீச் பாத்துட்டு சாயந்திரம் ரயில். எறணாகுளம் சவுத் ஸ்டேஷன் பக்கம் ரூம் போடலாம்னு யோசனை. இது சரியா வருமா? தெரிஞ்சவங்க திருத்திச் சொல்லுங்க.

பதில் 1: கமாலக்கடவு

வராதுங்க. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை மூடியிருக்கும், அதான் அதோட வார விடுமுறை. யூதர் பள்ளி சனிக்கிழமை கண்டிப்பா கிடையாது, வெள்ளியும் நம்பிப் போகக் கூடாது. யூதப் பண்டிகை நாள்லயும் திறக்க மாட்டாங்க. வெளியூர்க்காரங்க பாதிப் பேர் வெள்ளி, சனியிலதான் வந்து பூட்டின கதவையும் மணிக்கூண்டையும் போட்டோ எடுத்துட்டுத் திரும்புறாங்க.

மேப்புல கொச்சின்னு ஒரே பேரா இருந்தாலும் நடுவுல பூரா தண்ணி. ரயில், மெட்ரோ, மால் எல்லாம் கிழக்குக் கரையில, அது எறணாகுளம். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் மேற்குக் கரை. ரெண்டுக்கும் இடையில வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காகத் தோண்டின மண்ணைக் கொட்டி இங்கிலீஷ்காரன் காலத்துல உண்டாக்கினது. வடக்க வைப்பின் தீவு. இங்கத்த ஆளுங்க கொச்சின்னு சொன்னா மேற்குக் கரைதான். ஃபோர்ட் கொச்சியில இருக்கிறவர் டவுனுக்குக் கிளம்பினா 'எறணாகுளம் போறேன்'னுதான் சொல்வார். ஆட்டோக்காரர்கிட்ட வெறுமனே 'கொச்சி'ன்னு சொன்னா எந்தக் கொச்சின்னு திருப்பிக் கேப்பார்.

அதனால இடத்தைக் கிழமைக்கு ஏத்தாப்புல மாத்திப் போடுங்க.

வெள்ளி சாயந்திரம்: ஃபோர்ட் கொச்சி மட்டும். நாலரைக்கு மேல வெயில் தாழ்ந்ததும் பரேடு மைதானத்தைச் சுத்தி நடை. செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சை மூடுறதுக்குள்ள முதல்ல பாத்திருங்க. 1503-ல மரத்துல கட்டி அப்புறம் கல்லால எழுப்பினது. வாஸ்கோட காமா 1524-ல கொச்சியில செத்தப்போ இங்கதான் புதைச்சாங்க. 1539-ல எலும்பை லிஸ்பனுக்குக் கொண்டு போயிட்டாங்க. இப்ப இருக்கிறது வெறும் கல்லறைக் குழிதான், அதைப் பையன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. மேல அண்ணாந்து பாத்தா நீளமான துணி விசிறி தொங்கும். அதோட கயிறு சுவத்து வழியா வெளிய போகும். அந்தக் காலத்துல வெளிய நின்னு ஆள் இழுத்தாத்தான் உள்ள காத்து. அங்கிருந்து சாந்தா குரூஸ் பசிலிக்கா அம்மா நடக்கிற தூரம்தான். பழைய கட்டடத்தை 1795-ல பிரிட்டிஷ்காரங்க இடிச்சாங்க, இப்ப நிக்கிறது 1905-ல அர்ச்சிச்சது. உள்கூரைச் சித்திரத்துக்காகவே ஒரு பத்து நிமிஷம் உக்காரலாம்.

சனி காலை ஆறரைக்கு சீன வலை. சாயந்திரம் போனா வலைக்கு முன்னால தலைதான் தெரியும். மூங்கில், மரத் தூண் சட்டத்துல ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயித்துல வரிசையாக் கட்டித் தொங்கவிட்ட கருங்கல். கல்லோட பாரமும் வலையோட பாரமும் கிட்டத்தட்டச் சமமா இருக்கிறதாலதான் நாலஞ்சு பேர் சேர்ந்து இருபது மீட்டர் அகலத்து வலையைத் தூக்க முடியுது. வலை தண்ணிக்குள்ள இருக்கிறது சில நிமிஷம்தான், உடனே தூக்கிருவாங்க. கடல் ஏத்தம், வத்தம் பாத்துத்தான் வேலை நடக்கும். போன நேரத்துக்கு வலை சும்மா தூக்கி நிறுத்தியிருந்தா ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க. 'வாங்க சார், கயிறு இழுங்க'ன்னு கூப்பிடுவாங்க. பையனுக்கு நல்ல அனுபவம்தான், முடிஞ்சதும் காசு கேப்பாங்க. இழுக்கிறதுக்கு முந்தியே எவ்வளவுன்னு பேசிக்குங்க.

ஒம்பது மணிக்கு ஆட்டோ பிடிச்சு மட்டாஞ்சேரி பஜார் ரோடு. சனியன்னைக்குத்தான் அது உயிரோட இருக்கும். மொத்த வியாபாரம், மூட்டை ஏத்துறது இறக்குறது, சுக்கு மிளகு வாசம். ஞாயிறு பாதிக் கடைக்கு மேல ஷட்டர் கீழ இறங்கியிருக்கும். நீங்க தெரு நடக்க ஆசைப்பட்டா கல்வத்தியில இறங்கி பஜார் ரோடு வழியா அரண்மனை வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் நடங்க, அம்மாவை ஆட்டோவுல நேரா அரண்மனைக்கு அனுப்பிருங்க. நடைபாதை கிடையாது, லாரியும் ஸ்கூட்டரும் உரசிக்கிட்டுப் போகும். பையனைச் சுவத்துப் பக்கமா நடத்துங்க.

அரண்மனை: போர்டுல டச்சு அரண்மனைன்னு இருக்கும். கட்டினது போர்த்துக்கீசியர், கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663-க்குப் பின்னால டச்சுக்காரங்க பழுது பாத்தாங்க, பேரு அவங்களுக்குப் போயிருச்சு. வெளியில பாத்தா ஒண்ணுமில்லை, ஒரு பழைய கச்சேரிக் கட்டடம் மாதிரி இருக்கும். உள்ள ராஜாவோட படுக்கை அறைச் சுவர் முழுக்க ராமாயண ஓவியம், அதுதான் விஷயம். போட்டோ எடுக்க விட மாட்டாங்க. மாடிப்படி ஏறணும், அம்மாவுக்கு அது ஒண்ணுதான் சிரமம், கைப்பிடி பிடிச்சு மெதுவா ஏத்தி இறக்குங்க.

மத்தியானம் பன்னிரண்டை ஒட்டி குஜராத்தி ரோட்டுல ஜைனக் கோயில், புறாவுக்குத் தீனி போடுற நேரம். பையன் மறக்க மாட்டான். அம்மாவுக்குச் சைவச் சாப்பாடும் அதே ரோட்டுல கிடைக்கும். குஜராத்திக் குடும்பங்க தலைமுறையா இருக்கிற தெரு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு யூதர் பள்ளி, திறக்கும்போதே நுழைஞ்சிரணும். 1568-ல கட்டினது. தரையில நீலமும் வெள்ளையுமா சீனத்து ஓடு, கையால வரைஞ்சது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இருவது பேர் உள்ள நின்னாலே தரை மறைஞ்சிரும், அதான் முதல்ல போகச் சொல்றேன். தோளும் முழங்காலும் மூடின உடுப்பு வேணும். மத்தியானம் ஒரு மணியில இருந்து மூணு வரைக்கும் சாத்தியிருப்பாங்க. சர்ச்சுகளை ஞாயித்துக்கிழமைக்கு வெக்காதீங்க, காலையில ஆராதனை நடக்கும், சுத்திப் பாக்க முடியாது.

செராயை விட்டுருங்க. இருபத்தஞ்சு கிலோமீட்டர் போய்த் திரும்பினா ஞாயிறு காலி. உங்க ஊர்ப் பக்கம் பீச் இல்லைதான், ஒத்துக்கிறேன், ஆனா இந்தத் தடவை வேண்டாம்.

பதில் 2: ஒலவக்கோடு ஜங்ஷன்

கமாலக்கடவு அண்ணன் இடத்தைச் சொல்லிட்டார், ரயில் விஷயம் நான் சொல்றேங்க.

பாலக்காட்டுல இருந்து எறணாகுளம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், ரெண்டரையில இருந்து மூணு மணி நேரம். எந்த ஸ்டேஷன்ல நிக்கும்னு டிக்கெட் எடுக்கும்போதே பாருங்க. கோட்டயம் வழி போற வண்டி பெரும்பாலும் எறணாகுளம் டவுன்ல நிக்கும், அதைத்தான் நார்த்னு சொல்வாங்க. ஆலப்புழை வழி போறதும் எறணாகுளத்தோட முடியிறதும் ஜங்ஷன், அதாவது சவுத். சவுத்ல ரூம் போட்டுட்டு நார்த்ல இறங்கினாலும் பதற வேண்டாம். நார்த் பக்கத்துலயே டவுன் ஹால் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு, சவுத்துக்கும் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு, நடுவுல சில நிமிஷ ஓட்டம்தான்.

பெரிய சிக்கல் வேற. நீங்க போறது பொங்கல், அப்போதான் மகரவிளக்கும். மகரஜோதி பாத்துட்டு இறங்குற சாமிமார் கூட்டம் அப்படியே கோட்டயம், செங்கன்னூர்ல ஏறி வடக்க வரும். ஞாயிறு சாயந்திரம் நார்த்ல நின்னு கோட்டயம் வண்டியில பொதுப் பெட்டி ஏறலாம்னு நினைச்சா அம்மாவுக்குக் கால் வெக்க இடம் கிடைக்காது. திரும்பி வர்றதுக்கு சவுத்ல இருந்தே புறப்படுற வண்டியோ ஆலப்புழையில இருந்து வர்ற வண்டியோ பாத்து இப்பவே முன்பதிவு பண்ணுங்க.

இன்னொண்ணு. பொங்கல் லீவு நம்ம பாலக்காடு மாதிரி தமிழ்நாட்டை ஒட்டின சில ஜில்லாவுக்குத்தான். எறணாகுளத்துக்குக் கிடையாது. அங்க அது சாதாரண வேலை நாள். காலை ஒம்பது மணிக்கும் சாயந்திரம் அஞ்சரைக்கும் ரோட்டுல நெரிசல் வழக்கம்போல இருக்கும். வெள்ளி சாயந்திரம் பஸ்ல ஃபோர்ட் கொச்சி போறதுன்னா தேவரை, வில்லிங்டன் தீவு, தோப்பும்படின்னு சுத்தி ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

கார்ல போகவே போகாதீங்க. தேசிய நெடுஞ்சாலை 544-ல திருச்சூர் தாண்டினா எங்க நிப்பீங்கன்னு சொல்ல முடியாது. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் ஃபோர்ட் கொச்சிச் சந்துல வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போயிரும்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். மகரவிளக்கு யோசனையே இல்லை, இப்பவே டிக்கெட் பாக்கிறேன். படகு பத்தி யாரும் சொல்லலையே? வாட்டர் மெட்ரோன்னு சொல்றாங்க, பழைய போட்டும் இருக்குன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு எது சரி? ரூம் எந்தப் பக்கம் போடறது? மட்டாஞ்சேரியில ஏலக்கா, மிளகு வாங்கலாமா? வீட்டுக்காரி லிஸ்ட் போட்டுட்டா.

பதில் 3: பாலருவி

அண்ணாச்சி, படகுல ரெண்டு வகை, ரெண்டுக்கும் ஜெட்டி வேற வேற. இங்கதான் ஆளுங்க ஏமாறுதாங்க.

ஒண்ணு வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரல்ல விட்டாங்க. கொச்சி கப்பல் கட்டும் தளத்துல செஞ்ச மின்சாரப் படகு, ஏசி, ஒரு தடவைக்கு நூறு பேர், அதுல பாதிப் பேருக்குத்தான் இருக்கை. ஏறுத இடம் ஹைகோர்ட் டெர்மினல், மரைன் டிரைவோட வடக்குக் கோடி. ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபாய்னு தொடங்கினாங்க. அம்மாவுக்கு இதுதான் பொருத்தம். ஏன்னா ஏறுத மேடையே மிதக்குதது. தண்ணி ஏறினா மேடையும் ஏறும், இறங்கினா கூடவே இறங்கும். அதனால படகுத் தட்டும் மேடையும் எப்பவும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியே உள்ள போகும்.

இன்னொண்ணு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையோட பழைய போட்டு. ஏறுத இடம் சுபாஷ் பார்க்குப் பக்கத்துல எறணாகுளம் போட் ஜெட்டி. மகாராஜாஸ் காலேஜ் மெட்ரோவுல இறங்கினா நடந்துரலாம். சில்லறைக் காசுதான் டிக்கெட். ஜன்னல் திறந்து காத்து வரும், வில்லிங்டன் தீவுல நிக்கும், கப்பலைக் கிட்டத்துல பாக்கலாம். பையனுக்கு இதுதான் பிடிக்கும். ஆனா ஜெட்டி அசையாது, படகு மட்டும் ஏறி இறங்கும். வத்தத்துல ஒரு அடி ரெண்டு அடி கீழ கால் வைக்கணும், கயிறு கட்டி முடிக்கும் முன்னயே கூட்டம் தாவும். முட்டி வலிக்காரங்களுக்கு ஒத்துக்கிடாது.

ஹைகோர்ட் டெர்மினலுக்கும் இந்த ஜெட்டிக்கும் நடுவுல ஒண்ணரை கிலோமீட்டர் கிட்ட வரும். ஆட்டோவுல 'போட் ஜெட்டி'ன்னு சொன்னா பழசுக்குத்தான் கொண்டு விடுவாங்க. வாட்டர் மெட்ரோன்னு தெளிவாச் சொல்லுங்க. அந்தப் பக்கம் இறங்குததும் அப்படித்தான்; பழைய போட்டு கஸ்டம்ஸ் ஜெட்டிக்குப் போகும், வாட்டர் மெட்ரோ சீன வலைக்கும் வண்டி ஏத்துத ரோரோ படகு ஜெட்டிக்கும் பக்கத்துல இறக்கும்.

திரும்புதப்பதான் கஷ்டம். சூரியன் விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க, நூறு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க, வரிசை வெளிய ரோட்டுக்கு வந்துரும். அப்ப வரிசையில நிக்காதீங்க. பக்கத்து ஜெட்டியில ரோரோ ஏறுங்க. காரு, பைக்கு, ஆளு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வைப்பின்ல விடும். அது சாய்தளம், படி இல்லை, அம்மா நடந்தே ஏறிரலாம். வைப்பின்ல இருந்து ஹைகோர்ட்டுக்கு வேற வாட்டர் மெட்ரோ இருக்கு, கூட்டம் குறைவு. அது போயிருந்தாலும் கோஸ்ரீ பாலம் வழியா பஸ் உண்டு. ரோரோ ஏறும்போது வண்டி எல்லாம் ஏறி நிக்கட்டும், அப்புறம் ஏறுங்க. பைக்குக்காரங்க முட்டித் தள்ளிக்கிட்டுத்தான் வருவாங்க.

2025 அக்டோபர்ல மட்டாஞ்சேரியிலயும் வில்லிங்டன் தீவுலயும் வாட்டர் மெட்ரோ டெர்மினல் திறந்துட்டாங்க. மட்டாஞ்சேரி டெர்மினல் அரண்மனைக்குப் பக்கம். ஞாயித்துக்கிழமை யூதர் பள்ளி முடிச்சுட்டு அங்கயே ஏறி ஹைகோர்ட், அங்கிருந்து ஸ்டேஷன். மட்டாஞ்சேரியில இருந்து எறணாகுளம் வர ஆட்டோ வேண்டாம்.

எங்க செங்கோட்டை, புனலூர் பக்கத்துல இருந்து யாராவது இதை வாசிச்சா: பாலருவி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலையில நார்த். டவுன் ஹால் மெட்ரோவுல ஏறி எம்.ஜி. ரோட்டுல இறங்கி ஆட்டோ பிடிச்சா ஹைகோர்ட் டெர்மினல். கோட்டயத்துக்கு அப்புறம் ஆபீஸ் கூட்டம் நெருக்கும், பையை மடியில வச்சுக்கிடுங்க.

பதில் 4: ஏலமலை

குமுளிப் பக்கத்து ஆளுங்கிறதால ஏலக்காய்க் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுறேன் தம்பி. யூதத் தெருவில் ஏலக்காய் வாங்காதீங்க. காய் விளையுறது ஏலமலையில, ஏலம் போறது புற்றடியிலயும் போடியிலயும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி டூரிஸ்ட் தெருவுக்குப் போய் அழகான சின்னச் சாக்கில் உட்காரும்போது விலை எங்கேயோ இருக்கும். உங்களுக்குப் பாலக்காட்டுப் பெரிய கடையிலேயே அதே காய் கிடைக்கும்.

அப்படியும் வாங்கினால் மூணு விஷயம் பாருங்க. அளவு: 8 மில்லிமீட்டர் தாண்டினது முதல் தரம், 7-லிருந்து 8 நடுத்தரம், 6-லிருந்து 7 வீட்டுக்குப் போதும். நிறம்: வழக்கத்துக்கு மீறிப் பச்சையாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் நாலு காயை உருட்டுங்க, பச்சை ஒட்டினால் சாயம். உள்ளே: ஒரு காயை உரிச்சுப் பாருங்க. விதை கறுப்பாகப் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருந்தால் நல்லது. பழுப்பாக உதிர்ந்தால் முத்தாத காய், பறிச்சது அவசரப் பறி.

மிளகை ஒரு தம்ளர் தண்ணியில போடச் சொல்லுங்க. நல்ல மிளகு அடியில போகும். மிதக்கிறது பொக்கு, இல்லைன்னா பப்பாளி விதை. வியாபாரிகள் லிட்டர் எடைன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஒரு லிட்டர் படியில் மிளகு 550 கிராம் நின்றால் ஏற்றுமதித் தரம். பஜார் ரோட்டு மொத்தக் கடையில் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டாலே பேச்சு மாறும்.

மட்டாஞ்சேரியில் வாங்கத் தகுந்தது சுக்கு, சாதிக்காய், சாதிபத்திரி. சுக்கு கொச்சிப் பெயரிலேயே உலகச் சந்தையில் விற்கிற சரக்கு. சாதிக்காய் காலடி, சாலக்குடி பக்கம் தோட்டத்தில் விளையுறது, நடுவில் கை குறைவு. பத்திரி சிவப்பாக, வளைச்சால் உடனே நொறுங்காமல் இருந்தால் இந்த வருஷச் சரக்கு. மஞ்சளாகி உடைஞ்சால் பழசு. பட்டை கேட்டால் சுருட்டுப் போலப் பல மடிப்பாக மெல்லிசாக இருப்பதுதான் லவங்கப்பட்டை. தடித்த ஒற்றை ஓடு கேசியா, அதுக்கு இந்த விலை கொடுக்க வேண்டாம். குங்குமப்பூவைத் தொடவே வேண்டாம்.

கடைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரொம்பக் குறைஞ்ச காசுக்கு 'கொச்சி முழுக்கச் சுத்திக் காட்டுறேன்'னு ஆட்டோ வந்தால், ரெண்டு மூணு எம்போரியத்தில் இறக்கி விடுவாங்க. நீங்க உள்ளே போனாலே ஓட்டுநருக்குக் கமிஷன். நேரம்தான் போகும். மீட்டர்படி போகச் சொல்லுங்க. கேரளத்தில் ஆட்டோ குறைந்தபட்சம் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15, இரவு பத்திலிருந்து காலை அஞ்சு வரை பாதி கூடுதல். இது 2022 மே முதல் உள்ள கட்டணம்.

பதில் 5: கமாலக்கடவு

ரூம் பத்தி: மேற்குக் கரையில போடுங்க, ஃபோர்ட் கொச்சியில. இங்க நல்ல நேரம் காலை ஆறிலிருந்து ஒம்பது, சாயந்திரம் நாலரையிலிருந்து எட்டு. எறணாகுளத்துல தங்கினா ரெண்டு நேரத்தையும் ரோட்டுலயும் வரிசையிலயும் தொலைப்பீங்க. ஹோம்ஸ்டே நிறைய இருக்கு. கேக்க வேண்டியது ஒண்ணுதான், 'தரைத்தளத்துல அறை இருக்கா?' பழைய டச்சு வீடுகள்ல மரப்படி செங்குத்தா ஏணி மாதிரி இருக்கும். போட்டோவுல அழகு, அம்மாவுக்கு வேதனை.

பதில் 6: ஒலவக்கோடு ஜங்ஷன்

இதுல எனக்கு முழுச் சம்மதம் இல்லைங்க. பினாலே, அதாவது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கலைக் கண்காட்சி, நடக்கிற வருஷமா இருந்தா ஃபோர்ட் கொச்சி அறை வாடகை ஏறியிருக்கும், நல்லது எல்லாம் முன்னாடியே போயிருக்கும். 2012-ல தொடங்கினதுல இருந்து டிசம்பர்-மார்ச்சுலதானே நடக்குது, பொங்கல் சரியா நடுவுல. அறை கிடைக்கலைன்னா எறணாகுளத்துல சவுத் ஸ்டேஷன் பக்கம் போடாம மரைன் டிரைவ், மேனகா பக்கம் போடுங்க. ஹைகோர்ட் டெர்மினல் கிட்டத்துல இருக்கும், காலையில முதல் வாட்டர் மெட்ரோவுக்குப் போயிரலாம்.

பதில் 7: கமாலக்கடவு

அது நியாயம். பினாலே இருந்தா ஆஸ்பின்வால் ஹவுஸ் பக்கம் கல்வத்தி ரோடே நகராது. ஆனா கேட்டவர் மாதிரி பழைய தெரு பாக்க வர்றவங்களுக்கு அது லாபமும் கூட. மத்த நேரத்துல பூட்டிக் கிடக்கிற பண்டகசாலை எல்லாம் அப்போ திறந்திருக்கும், உள்ள போய் உத்தரத்தையும் ஓட்டையும் பாக்கலாம்.

விட்டுப்போன ஒரு இடம். ஃபோர்ட் கொச்சி வெளியில தோபி கானா. தமிழ் பேசுற வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறையா வெளுக்கிற இடம். ராணுவ உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டுல இருந்து கொண்டு வந்து குடியமர்த்தினவங்களோட வழி. இப்ப இருக்கிற கட்டடம் 1976-ல வந்தது. ஆளுக்கு ஒரு தொட்டி, ஒரு கல். கொடியைக் கவனிச்சுப் பாருங்க. ரெண்டு புரியா முறுக்கின கயிறு. துணியோட முனையைப் புரிக்கு நடுவுல செருகிருவாங்க, கிளிப்பே கிடையாது, காத்துல பறக்காது. கஞ்சி போட்டு உலர்த்தி உள்ளேயே இஸ்திரியும் நடக்கும். வெயில் ஏறின காலை ஒம்பது, பத்து மணிக்குப் போனாத்தான் கொடி நிறைய வெள்ளை வேட்டி பாக்கலாம். அம்மா நேராத் தமிழ்லயே பேசலாம். அவங்க வேலை செய்யிற இடம், கேட்டுட்டு போட்டோ எடுங்க. சனி காலை வலை முடிச்சு மட்டாஞ்சேரி போற வழியில அரை மணி நேரம் ஒதுக்கினாப் போதும்.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

அருமைங்க. கடைசியா ரெண்டு. வலைக்குப் பக்கத்துல மீன் வாங்கினா சமைச்சுத் தருவாங்கன்னு சொல்றாங்களே, வாங்கலாமா? ஃபோர்ட் கொச்சி பீச்சுல பையனைக் குளிக்க விடலாமா?

பதில் 8: கமாலக்கடவு

குளிக்க விடாதீங்க. அது துறைமுகத்துக்குள்ள கப்பல் நுழையிற வாய், அடியில இழுப்பு பலமா இருக்கும். கரையும் அரிச்சுக் கல் கல்லாக் கிடக்கு. சூரியன் விழுறதைப் பாக்க மட்டும் போங்க. மழைக்காலத்துல வேம்பநாட்டுக் காயல்ல இருந்து ஆகாயத்தாமரை, இங்க பாயல்னு சொல்வாங்க, கொத்துக் கொத்தா மிதந்து வந்து கரையில அழுகி நாறும், வலையிலயும் அதுதான் ஏறும். உப்புத் தண்ணி ஏறினா பாயல் செத்துரும். ஜனவரியில அந்தத் தொல்லை குறைவு.

மீன் வாங்கலாம், பேசி வாங்கணும். மீன் விலை தனி, சமைக்கிற கூலி தனி. கூலி கிலோவுக்கா, தட்டுக்கா, மசாலாவுக்குத் தனியான்னு முதல்லயே கேளுங்க. எடை போடுறது முழு மீனா, கழுவி வெட்டினதான்னும் கேளுங்க, நாலுல ஒரு பங்கு அதுலயே போயிரும். தட்டுல பரப்பி வெச்சிருக்கிறது எல்லாம் அந்த வலையில விழுந்ததுன்னு நினைக்காதீங்க. சீன வலையில விழுறது பெரும்பாலும் பொடி மீன், திருதா (நம்ம மடவை), இறால்தான். பெரிய நெய்மீன், அதாவது நம்ம வஞ்சிரம், ஹார்பர்ல இருந்து வந்தது. செவுளைத் தூக்கிப் பாருங்க, சிவப்பா இருக்கணும். கண்ணு குழியக் கூடாது. நீங்க தேர்ந்தெடுத்த மீன்ல வாலை லேசாக் கத்தரிச்சு அடையாளம் வெச்சுக் கொடுங்க, சமையல்கட்டுல மாறாது.

பதில் 9: பாலருவி

ஒரு திருத்தம். வாட்டர் மெட்ரோ கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கவுண்டர்ல கேட்டு வச்சுக்கிடுங்க. ராத்திரி எட்டுக்கு மேல அதை நம்பிச் சாப்பிட உக்காராதீங்க. பழைய போட்டு மட்டாஞ்சேரிக்கு எப்பவும் ஓடும்னும் நினைக்காதீங்க. ஜெட்டியில சேறு அடைஞ்சு சேவை நின்ன காலமெல்லாம் உண்டு, ஏறும் முன்ன கேளுங்க.